படிக்கட்டுக்கு அடியில் முந்நூற்று நாற்பது செடிகள்

சாம்பல்முள் என்று ஒரு பாலைவனச் செடி உண்டு. முழங்கால் உயரம். வருடத்தில் பத்து நாள் பச்சையாக இருக்கும்; மற்ற நாளெல்லாம் யாரோ பாதி எரித்துவிட்டுப் போன விறகு மாதிரி நிற்கும். ஆடு தின்னாது, அடுப்புக்கு ஆகாது, மருந்துக்கும் உதவாது. யாருக்கும் வேண்டாத காரணத்தால் ஆயிரக்கணக்கான வருடங்கள் நிம்மதியாக இருந்த அந்தச் செடி, அழிந்துகொண்டிருக்கிறது என்று ஒரு மாநாட்டில் யாரோ கட்டுரை வாசித்த அன்று வசமாக மாட்டிக்கொண்டது. அதைக் காப்பாற்ற ஒரு வாரியம் அமைத்துவிட்டார்கள்.

வாரியத்துக்கு மூன்று மாடிக் கட்டடம். உள்ளே ஐம்பத்தெட்டுப் பேர். செடி இருந்த பாலையோ அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். செடிகளுக்கு எண் தகடு கட்டுவது அவர் வேலை என்பதால் எல்லோரும் அவரைத் தகட்டுக்காரர் என்றார்கள். பதினேழு வருடத்தில் அவருடைய சொந்தப் பெயர் வாரியத்தில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

தகடு என்பது கட்டைவிரல் அகல அலுமினியத் துண்டு. மேலே எண், உள்ளே ஒரு சில்லு. வாரியத்தின் வண்டியில் இருக்கும் கருவியைத் திருப்பினால், எந்த எண் எங்கே இருக்கிறது என்று திரையில் ஒரு புள்ளி விழும். மொத்தம் முந்நூற்று நாற்பது தகடு, ஆகவே முந்நூற்று நாற்பது செடி. இந்த 'ஆகவே'யின் மேல்தான் மூன்று மாடியும் நின்றுகொண்டிருந்தது.

தகட்டுக்காரரும், எல்லோரும் அம்மா என்று கூப்பிடும் அவர் மனைவியும் பாலையின் ஓரத்தில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையுமாக ஒரு வீட்டில் இருந்தார்கள். முதல் தலைவர் வாய்மொழியாகக் காட்டிவிட்டுப் போன இடம். கல்லெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் சுமந்து வந்து அடுக்கியது. அந்த வேலையில் போன அம்மாவின் முழங்கால் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. இதை நீங்களாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வாரியத்தில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

தொல்லை செடிகள் சாகத் தொடங்கியதில் இருந்து ஆரம்பமானது. ஒரு வருடம் பதினொரு செடிகள் காய்ந்தன. தகட்டுக்காரர் தகடுகளை ஒரு துணியில் முடிந்துகொண்டு வாரியத்துக்குப் போனார். இரண்டாவது மாடியில் பதிவேட்டு எழுத்தர் இருந்தார். வாரியத்தில் தினமும் நேரத்துக்கு வருகிறவர் அவர் ஒருவர்தான், அதனால் எல்லோரும் அவருக்குப் பயந்தார்கள்.

"பதினொண்ணு செத்துப்போச்சுங்க," என்றார் தகட்டுக்காரர்.

"நாலுதான் சாகலாம்," என்றார் எழுத்தர்.

"செத்துப்போச்சேங்க."

"ஆண்டுத் திட்டத்துல இறப்பு நாலுன்னு போட்டு ஒப்புதல் வாங்கியாச்சு. நீங்க பாட்டுக்குப் பதினொண்ணுன்னு வந்து நின்னா மிச்சம் ஏழை நான் எங்க வைக்கறது? நாலுக்கு மட்டும் படிவம் எழுதிக் குடுங்க. மத்ததை அடுத்த வருஷம் பாக்கலாம். அதுவரைக்கும் உயிரோட இருக்கட்டும்."

இறப்புப் படிவத்தை வாரியம் ஏதோ ஒரு மருத்துவமனையிலிருந்து அப்படியே நகல் எடுத்திருந்தது. கடைசி வரியில் 'இறந்தவருக்கு என்ன உறவு' என்று இருந்தது. தகட்டுக்காரர் பேனாவை வைத்துக்கொண்டு முழித்தார்.

"எனக்கு இதுங்க உறவு இல்லீங்களே."

"அப்ப வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க," என்றார் எழுத்தர்.

தகட்டுக்காரர் நான்கு செடிகளுக்கும் சித்தப்பாவாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

மீதித் தகடுகளை என்ன செய்வது? காய்ந்த செடியிலேயே விட்டுவைக்க முடியாது. சாம்பல்முள் காய்ந்தால் வேரறுந்து காற்றில் உருண்டு ஓடிவிடும், தகடும் கூடவே போய்விடும். தொலைந்த தகடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகளில் விளக்கம் எழுத வேண்டும். ஆகவே உயிரோடு இருக்கும்படி உத்தரவான செத்த செடிகளின் தகடுகளை ஒரு கோணிச் சாக்கில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். வருடத்துக்கு ஒன்பது பத்து செத்தன, நாலு மட்டும் ஏற்கப்பட்டன. ஏற்கப்பட்ட நாலின் தகட்டைத் திரும்ப வாங்கப் படிவம் இல்லாததால் அதுவும் சாக்குக்கே போயிற்று. சாக்கில் தொண்ணூற்றேழு சேர்ந்துவிட்டது.

இதற்கிடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. வீட்டின் பின்புறம் அம்மா பாத்திரம் கழுவும் கல் இருந்தது. கழுவிய தண்ணீர் மண்ணில் ஓடி நின்ற இடத்தில், ஒரு காலையில் பார்த்தால் ஊசி ஊசியாகப் பச்சை. சாம்பல்முள் குஞ்சுகள். அவர் உட்கார்ந்து எண்ணினார், நாற்பத்து மூன்று. பதினேழு வருடத்தில் அவர் பார்த்த முதல் கன்றுகள் அவை. அன்று அவர் வாய்விட்டுச் சிரித்ததாக அம்மா பிற்பாடு சொன்னாள்.

எழுத்தரிடம் ஓடினார்.

"எவ்வளவு உயரம்?"

"ரெண்டு விரக்கடை இருக்குங்க."

"ஒரு சாண் இருந்தாத்தான் தகடு. தகடு இருந்தாத்தான் செடி. அதுவரைக்கும் அது மண்ணு."

"தண்டு கம்பியை விட ஒல்லியா இருக்குங்க, எப்படியும் கட்ட முடியாது."

"அப்ப எதுக்கு வந்தீங்க?" என்றார் எழுத்தர். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அதே மாதம் தலைவர் ஓர் அறிக்கை விட்டார். சாம்பல்முள் இனத்தில் குழந்தைகளே இல்லை, எதிர்காலம் இருண்டுவிட்டது, உடனடியாக இனத்தொகைக் கட்டமைப்பையும் இடப்பரவலையும் ஆராய வேண்டும் என்பது அதன் சாரம். எத்தனை இளசு, எத்தனை நடுவயது, எத்தனை கிழம், எவையெவை எங்கெங்கே நிற்கின்றன என்று பார்ப்பதற்குத்தான் அப்படிப் பெயர். இதற்கென்று ஓர் ஆராய்ச்சியாளர் அம்மையார் வந்தார். கையில் ரம்பம் இருந்தது.

"இது எதுக்குங்கம்மா?" என்று கேட்டார் தகட்டுக்காரர்.

"செடியோட வயசு அடித்தண்டுல வளையமா இருக்கும். வெட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"வெட்டினா செத்துருமேங்க."

"வயசு துல்லியமாத் தெரிஞ்சுரும்," என்றார் அம்மையார்.

அதுவும் சரிதான். செடியின் வயதைத் துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால் அதற்கு மேல் வயதாகாமல் பார்த்துக்கொள்வதே வழி. ஒவ்வொரு பிரிவிலும் முப்பது மாதிரி வேண்டும், அதற்குக் குறைந்தால் அறிவியல் ஒப்புக்கொள்ளாதாம். கிழத்தில் முப்பது வெட்டினார். நடுவயதில் முப்பது வெட்டினார். இளசில் தேடிப் பார்த்ததில் இருந்ததே இருபத்திரண்டுதான். அம்மையாருக்கு முகம் வாடிவிட்டது. இருபத்திரண்டையும் வெட்டிவிட்டு, 'இளம் செடிகள் கவலைக்குரிய அளவில் குறைந்துள்ளன' என்று குறிப்பேட்டில் எழுதினார். எழுதும்போது மனசு கனத்துப்போய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தகட்டுக்காரருக்குக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"வீட்டுப் பின்னாடி சின்னது நாப்பத்துமூணு இருக்குங்கம்மா. அதுக்குத் தகடு இல்ல."

"தகடு இல்லாதது மாதிரியில சேராது."

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. வாழ்க்கையில் முதல்முறையாக வாரியத்தின் விதியைக் கையெடுத்துக் கும்பிட்டார். எண்பத்திரண்டு தகடு சாக்குக்குள் போயிற்று. அந்த வருடத்து நாலு ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்ததால், வெட்டப்பட்ட எண்பத்திரண்டு செடிகளும் பதிவேட்டில் நலமாக இருந்தன.

அடுத்து இடப்பரவல். குளிர்சாதன வண்டி பாலையை ஒரு சுற்றுச் சுற்றியது. யாரும் கீழே இறங்கவில்லை, வெயில் அப்படி. பத்து நாளில் வாரியத்தின் கூட்ட அறையில் வரைபடம் மாட்டியாயிற்று. தகட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் நிற்க வைத்தார்கள். வரைபடம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக நூற்று அறுபத்தொரு புள்ளிகள். ஓர் ஓரத்தில் மட்டும் நூற்று எழுபத்தொன்பது புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, மையைக் கொட்டியது போலிருந்தது. அது தன் கட்டில் என்று தகட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்தது.

தலைவர் எழுந்தார். வாரியத்துக்கு வருமுன் துறைமுகத்தில் இருந்தவர், அதற்கு முன் சிறைச்சாலையில். நல்ல குரல் வளம்.

"நண்பர்களே, ரெண்டாயிரம் பக்கம் படிச்சும் எனக்குப் புரியாத ஒண்ணு, இந்த ஒரு படத்தைப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு. நான் செடியை நேர்ல பாத்ததில்ல. பாக்கவும் மாட்டேன். பாத்தா பாசம் வந்துரும், பாசம் வந்தா நிர்வாகம் கெட்டுப்போகும். ஆனா படம் பொய் சொல்லாது. இந்த இனம் ஒரே இடத்துல நெருக்கமா வாழ ஆசைப்படுது. அந்த இடத்துல என்ன இருக்கு? ஒரு வீடு. அழிஞ்சுபோற ஒரு இனத்தோட நெஞ்சு மேல ஒருத்தர் குடித்தனம் நடத்திட்டு இருக்கார். யார் அந்த ஆளு?"

"நான்தாங்க," என்றார் தகட்டுக்காரர்.

கூட்டத்தில் ஓர் அருவருப்பு ஓடி அடங்கியது.

"ஐயா, அங்க செடி இல்லீங்க. போய்ப் பாத்தாத் தெரியும்."

ஆராய்ச்சியாளர் அம்மையார் பரிவோடு திரும்பினார். "வறட்சியில சில இனங்கள் மேல காயும். வேர் மட்டும் மண்ணுக்குள்ள தூங்கும். அதைத்தான் கருவி காட்டுது."

தகட்டுக்காரர் உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தார். பக்கத்தில் நின்ற எழுத்தர் அவர் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். அந்த ஆளுக்குள்ளும் எங்கோ ஒரு மூலையில் நல்ல மனசு இருந்தது, விதிகளுக்கு இடைஞ்சல் இல்லாத மூலையில்.

"சாக்கைப் பத்தி மூச்சு விடாதீங்க. செடியில இல்லாத தகடு உங்க கையில இருந்தா, செடியை நீங்க பிடுங்கினதா அர்த்தம். ஒரு செடிக்கு மூணு வருஷம் உள்ள. நூத்து எழுபத்தொன்பதை மூணால பெருக்கிக்கோங்க."

பெருக்கிப் பார்த்துவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் காலிசெய்யும் ஆணையோடு இயந்திரம் வந்தது. கல்லைச் சுமந்து அடுக்க இரண்டு வருடம் பிடித்த வீடு, தேநீர் இடைவேளைக்கு முன்னால் முடிந்துபோயிற்று. ஓட்டுநர் வண்டியைத் திருப்ப இடம் போதாமல் பின்பக்கமாக எடுத்தார். பாத்திரம் கழுவும் கல்லும், அதன் அடியில் இருந்த நாற்பத்து மூன்றும் சங்கிலிச் சக்கரத்துக்குள் போயின. தகட்டுக்காரர் கூச்சல் போட்டார். ஓட்டுநர் தலையை நீட்டி, "தகடு இருக்கா?" என்று கேட்டார். அவருக்கும் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

நாற்பத்து மூன்று என்று சொன்னேன், அது முழுக்கச் சரியில்லை. நாற்பத்திரண்டு. முந்தின நாளே அம்மா ஒரு கன்றை மண்ணோடு தோண்டி ஒரு பால்பவுடர் டப்பாவில் வைத்துத் துணி மூட்டைக்குள் செருகியிருந்தாள்.

டயர் கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை கிடைத்தது. இருபத்தாறு படி. அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினாள். சாக்கையும் தூக்கி வந்தார்கள், அது வாரியத்தின் சொத்து, எறிய முடியாது. தகட்டுக்காரர் தினமும் பேருந்து பிடித்துப் பாலைக்குப் போனார். அங்கே மையப் பாதுகாப்புப் பகுதிக்கு வேலி போடுகிற வேலை மும்முரமாக நடந்தது. கம்பம் ஏற்றிய வண்டிகள் சில செடிகள் மேல் போயின. பிறகு, செடிகளை மிதிக்காமல் பார்வையாளர்கள் நடக்கச் சிமெண்டுப் பாதை போட்டார்கள், அது மிச்சச் செடிகள் மேல் போயிற்று. தகட்டுக்காரர் பின்னாலேயே போய்த் தகடுகளைப் பொறுக்கினார். பாதை முடிந்த அன்று சாக்கில் முந்நூற்று நாற்பதும் இருந்தன. களத்தில் அருமையான வேலியும், உள்ளே மணலும் இருந்தன.

அடுத்த வருடத்து இடப்பரவலுக்கு வண்டி பாலையைச் சுற்றியது. ஒரு புள்ளியும் விழவில்லை. வண்டி திரும்பி வரும் வழியில், ஊருக்குள், டயர் கடைப் பக்கம் வந்ததும் புள்ளிகள் குவிந்து திரை கறுத்துப்போயிற்று.

"குடிபெயர்ந்திருக்கு," என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது. "முழு இனமும் பாலைவனத்தை விட்டுட்டு நகரத்துக்கு வந்திருக்கு. நாம செடிக்கு வசதி பண்ணிக் குடுத்தோம். செடி முன்னேறிருச்சு."

மாடி அறையில் வேர் எப்படித் தூங்கும் என்று யாரோ கேட்டார்கள். சுவருக்குள் தூங்கும் என்றார் ஆராய்ச்சியாளர், கொஞ்சம் தயங்கித்தான்.

மறுநாள் அறைக் கதவில் ஆணை ஒட்டப்பட்டது. பழைய ஆணைதான், விலாசத்தை மட்டும் அடித்து எழுதியிருந்தார்கள். வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று அவர்கள் மூட்டைகளை இறக்கி வைத்தார்.

"ஏங்க," என்றாள் அம்மா, படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்தபடி, "நாம எங்க போனாலும் இந்தச் சாக்கு நம்மளைத் துரத்தும். இதை அவங்க வீட்டுலயே கொண்டுபோய் வெச்சுட்டு வாங்க. அவங்களும் ஒருநாள் தெருவுல நிக்கட்டும்."

கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவள் யாருக்கும் கெடுதல் நினைத்து அவர் கேட்டதில்லை. அவருக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. வாரியத்து வாசல் காவலாளி வெளியே போகிறவர்களை மட்டும்தான் சோதிப்பார், உள்ளே என்ன வருகிறது என்பது அவருடைய வேலைப் பட்டியலில் இல்லை. தகட்டுக்காரர் சாக்கோடு உள்ளே போய், படிக்கட்டுக்கு அடியில் துடைப்பம் வைக்கிற அறையில் அதைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அம்மாவின் தங்கை வீட்டு வராந்தாவில் தங்கினார்கள். சகலை முதல் நாளே காலண்டரைப் பார்த்தார்.

மூன்றாவது வரைபடம் வந்தது. முந்நூற்று நாற்பது புள்ளியும் வாரியக் கட்டடத்தின் மேல். இன்றைக்கு இவர்கள் மூட்டை கட்டப் போகிறார்கள் என்று தகட்டுக்காரர் கடைசி வரிசையில் உள்ளூரக் குதூகலத்தோடு நின்றார்.

தலைவர் படத்தைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்தார்.

"நம்மைத் தேடி வந்திருக்கு," என்றார். "எந்த இனம் அழியப்போகுதுன்னு உலகமே கைவிட்டுச்சோ, அது தன்னோட பாதுகாவலன் யாருன்னு கண்டுபிடிச்சு வாசல்ல வந்து நிக்குது. இனிமே இந்தக் கட்டடம்தான் இயற்கை வாழிடம். நாலாவது மாடி கட்டப் போறோம்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எழுத்தர் மட்டும் கைதட்டவில்லை, கைதட்டலுக்குச் சுற்றறிக்கை வரவில்லை. படிக்கட்டின் அடியில் கயிறு கட்டினார்கள். 'அமைதி. செடிகள் வாழுமிடம்' என்று பலகை வைத்தார்கள். தினமும் காலையில் துப்புரவுப் பணியாளர் ஒரு வாளித் தண்ணீரைக் கதவுக்குக் கீழே ஊற்ற வேண்டும் என்று உத்தரவு போயிற்று.

அந்த வாரமே தகட்டுக்காரருக்கு வேலைநீக்க ஆணை வந்தது. களத்தில் செடி இல்லை, ஆகவே களக் காவலர் தேவையில்லை.

சகலை கொடுத்த கெடுவில் இரண்டு நாள் பாக்கி இருந்தது. தகட்டுக்காரர் கடைசியாக ஒன்று செய்தார். பால்பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு எழுத்தரிடம் போனார். கன்று இப்போது ஒரு சாணுக்கு மேலே வளர்ந்து, நுனியில் நான்கு பச்சை இலை விட்டிருந்தது. உலகத்தில் உயிரோடு மிஞ்சியிருந்த ஒரே சாம்பல்முள். அதை மேசை மேல் வைத்தார்.

"செடி இருக்குங்க. பாலையில நட்டா நான் பாத்துக்கறேன். வேலையைப் பிடுங்காதீங்க, வேலி ஓரமா ஒரு கூரை போட்டுட்டு இருந்துக்கறோம்."

எழுத்தர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். உயரம் சரியாக இருந்தது. முகத்தில் ஒரு மலர்ச்சிகூடத் தெரிந்தது. "புதுப் பதிவு," என்று சொல்லிக்கொண்டு இழுப்பறையிலிருந்து முந்நூற்று நாற்பத்தொன்றாம் தகட்டை எடுத்தார்.

"மெதுவாங்க," என்றாள் அம்மா.

"விதிப்படி ரெண்டு முறுக்கு," என்றார் எழுத்தர். ஒரு முறுக்கு முறுக்கினார். இரண்டாவது முறுக்கில் தண்டு அடியோடு ஒடிந்து மேசைமேல் விழுந்தது.

எழுத்தர் பதிவேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார். எண் முந்நூற்று நாற்பத்தொன்று. நிலை, உயிருடன்.

"ஒடிஞ்சுபோச்சே," என்றார் தகட்டுக்காரர்.

"இந்த வருஷம் நாலும் முடிஞ்சுபோச்சு." எழுத்தர் தலை நிமிரவில்லை. "இருப்பிடம், வாரியக் கட்டடம். களத்துல எதுவும் இல்ல. நீக்கம் நீக்கம்தான். அப்புறம், உங்ககிட்ட குடுத்த தகடு முந்நூத்து நாப்பது திரும்பி வரல. ஒப்படைச்சாத்தான் விடுவிப்பு."

"படிக்கட்டுக்குக் கீழ இருக்குங்க."

"அங்க இருக்கறது செடி. நான் தகட்டைக் கேக்கறேன்."

அம்மா ஒடிந்த தண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். படி இறங்கும்போது துப்புரவுப் பணியாளர் வாளியைச் சாய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கதவின் அடியில் போய், சாக்கில் பட்டு, திரும்பி வந்து அம்மாவின் காலை நனைத்தது. அவள் நின்றுவிட்டாள்.

"இதுல ஒரு சொம்பு அங்க பாலையில ஊத்தியிருந்தாப் போதுமே," என்றாள். அழுதாள்.

வாசலைத் தாண்டும்போது அங்கிருந்த சோதனைக் கருவி கீச்சிட்டது. காவலாளி ஓடி வந்து முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். தண்டைத் தூக்கிப் பிடித்துத் தகட்டைப் படித்தார், பதிவேட்டுக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

"உயிருள்ள செடிம்மா இது. வெளிய கொண்டுபோகக் கூடாது," என்றார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல். "நாங்க பாத்துக்கறோம். நீங்க போங்க."

அவர்கள் தெருவுக்கு வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்கள். உள்ளே காவலாளி படிக்கட்டுக் கதவைத் திறந்து, அந்தத் தண்டைச் சாக்கின் மேல் பத்திரமாக வைத்தார். துப்புரவுப் பணியாளர் வாளியில் மிஞ்சியிருந்ததை அதன்மேல் ஊற்றினார்.